காலைப் பூட்டும் பெடலின் கதை

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி - குற்றாலம் சாலையில் வேன்களுக்கும் கார்களுக்கும் நடுவே தலைக்கவசம் போட்ட சைக்கிள்காரர்களையும் இப்போது பார்க்கிறோம். விடியற்காலையில் கிளம்பி ஐந்தருவிப் பக்கம் ஒரு சுற்று சுற்றி வருகிறார்கள். தெம்புள்ளவர்கள் செங்கோட்டை, புளியரை தாண்டி மலைப்பாதை ஏறி ஆரியங்காவு வரை போகிறார்கள். டீக்கடையில் இறங்கி நடக்கும்போது அவர்கள் காலணியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வரும். அடியில் ஒரு கட்டை பொருத்தியிருக்கிறது. அது பெடலில் பூட்டிக்கொள்ளும். காலைப் பூட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் விழும்போது என்ன செய்வது என்று நம் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் அதன் சரித்திரத்திலேயே இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ஆங்கிலத்தில் இதற்கு 'கிளிப்லெஸ்' பெடல், அதாவது கிளிப் இல்லாத பெடல் என்று பெயர். கிளிப் போலக் கவ்விப் பிடிக்கிற ஒன்றுக்கு ஏன் இந்தப் பெயர்? பழைய பந்தய சைக்கிள்களில் பெடலுக்கு முன்னால் கூண்டு மாதிரி ஒரு கம்பி இருக்கும். அதற்குள் பாதத்தை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். அது போய்விட்டதால் இது கிளிப்லெஸ்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கூண்டைப் பிரெஞ்சில் 'கால்-பியே' என்பார்கள். இந்தக் 'கால்' நம்முடைய கால் அல்ல; முட்டுக்கொடுக்கும் ஆப்பு என்று பொருள். 'பியே' என்பதுதான் பாதம். இன்று காலணியின் அடியில் பொருத்தும் கட்டைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதே 'கால்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பெடல் மேலே இருந்த ஆப்பு காலணிக்கு அடியில் வந்துவிட்டது, அவ்வளவுதான். புதிய பெடலை அவர்கள் 'பெதால் ஓத்தோமாத்திக்' என்பார்கள்: தானாக இயங்கும் பெடல். இந்தப் பெயர் தெளிவானது. தானாகப் பூட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் தானாக விட்டுவிடும்.

பெடலோடு காலணியைப் பிணைக்கும் யோசனை புதிதல்ல. 1895-லேயே அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹான்சன் என்பவர் அப்படி ஒன்றை உருவாக்கினார். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்-71 என்ற பெடலைக் கொண்டுவந்தது. அதில் காலை விடுவிக்கக் கையால் குனிந்து ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். விழுகிற நேரத்தில் யார் குனிவது? அதனால் அது பரவவில்லை.

தீர்வு சைக்கிள் உலகத்திலிருந்து வரவில்லை, பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பிரான்சின் நெவேர் நகரத்து லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பட்டைகளில் காலணியைப் பூட்டும் சாதனம் செய்துவந்தது. சறுக்குபவர் விழுந்து கால் முறுகும்போது பூட்டு தானே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எலும்பு முறியும். அந்த ஸ்பிரிங் பூட்டையே 1984-இல் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-இல் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஐந்தாவது முறையாக வென்றார். அந்தப் பந்தயத்தின் நடுவே சேன்ந்-எத்தியேனில் விழுந்து மூக்கு உடைந்தும் வென்றார். அதன் பிறகு பந்தயக்காரர்கள் தோல்வாரை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். 1990 வாக்கில் ஜப்பானின் ஷிமானோ சிறிய கட்டை கொண்ட எஸ்.பி.டி. பெடலைக் கொண்டுவந்தது. கட்டை காலணியின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கிவிடுவதால் இறங்கி நடக்கவும் முடிந்தது.

ஆக, இது காலைக் கட்டிப்போடக் கண்டுபிடித்தது என்பதைவிட, காலை விடுவிக்கக் கண்டுபிடித்தது என்பதே சரி. கட்டுவது தோல்வாரிலேயே இருந்தது.

ஆனால் அந்த விடுதலையைக் கால் கற்றுக்கொள்ள வேண்டும். பயந்தால் காலைத் தூக்குவதுதான் நம் இயல்பு. தூக்கினால் இந்தப் பூட்டு விடாது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். அதனால்தான் புதிதாகப் பழகுபவர்கள் வேகமாகப் போகும்போது விழுவதில்லை. நின்ற பிறகு, மரம் சாய்வது போலப் பக்கவாட்டில் விழுகிறார்கள். அடியைவிட அவமானம் பெரிது, ஏனென்றால் பார்ப்பதற்கு நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

அவமானத்தைத் தாண்டினால்தான் சைக்கிள் வரும் என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. வாடகை சைக்கிளின் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தவர்கள்தானே நாம்? முட்டியில் தழும்பில்லாதவர் நம்மில் குறைவு. ஆனால் அப்போதும் அது பையன்களின் தழும்பாகத்தான் இருந்தது.

பெண்களுக்கு அந்த வாசலைப் பெரிதாகத் திறந்தது புதுக்கோட்டை. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வயல் வேலைக்காரர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், நர்சுகள் எல்லாரும் அதில் உண்டு. கேலி பேசியவர்களும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள், அப்பாவோ புருஷனோ கொண்டுவிட வேண்டும் என்றிருந்த பெண்கள், தங்கள் நேரத்துக்குத் தாங்களே கிளம்பினார்கள். பெண் விழுந்துவிடுவாள் என்று பயந்து வீட்டார் தடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

எங்கள் வீட்டில் பேத்தி இந்தப் பெடல் வேண்டும் என்று கேட்டபோது 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வம்பு?' என்ற குரலும் எழுந்தது. நான் புதுக்கோட்டையைத்தான் நினைத்துக்கொண்டேன். "பூட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள், கழற்றத் தெரியுமா என்று கேளுங்கள்" என்றேன்.

பேரப்பிள்ளைகள் கேட்டால் நீங்களும் அதையே கேளுங்கள். முதலில் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பெடலில் அதற்கென்றே ஒரு சிறு திருகு இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் பூட்டிக் கழற்றட்டும். ஐம்பது தடவையானாலும் பரவாயில்லை. பிறகு மற்றக் கால். பிறகு புல்தரையில் மெதுவாக ஓட்டம். நிற்பதற்குப் பத்தடி முன்பே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். நின்ற பிறகு யோசித்தால் நேரமிருக்காது. சீசன் நாட்களில் அருவிப் பக்கம், தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகக் கூட்டம் குறுக்கே வரும் இடங்களில், சாதாரணப் பெடலே நல்லது. நீண்ட ஏற்றத்துக்கும் காலியான விடியற்காலைச் சாலைக்கும் பூட்டுப் பெடல் தாராளமாகப் போதும்.