நீங்கள் ஒரு சமூகம்தானா? மாஷ்பீ மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சமூகம் என்றால் என்ன? தேர்வில் கேட்டால் விடை எளிது. ஒரே இடத்தில், ஒரே மொழியும் ஒரே பழக்கவழக்கமும் கொண்டு சேர்ந்து வாழும் மக்கள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டபோது, ஒரு மக்களின் நிலமே அந்த விடையைப் பொறுத்து இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் பகுதியில் மாஷ்பீ என்றொரு ஊர். அங்கே வாழ்பவர்கள் வாம்பனோவாக் பழங்குடியினர். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர் குடியேறியது இந்த வாம்பனோவாக் இனத்தாரின் மண்ணில்தான். மாஷ்பீயினர் 17-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றார்கள். அதே நூற்றாண்டில் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டுப் பத்திரமும் எழுதப்பட்டது.

1960-கள் வரை ஊர் நிர்வாகம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. பிறகு கடலோர வீடுகளுக்குக் கிராக்கி வந்தது. வெளியார் குடியேறினார்கள். சொந்த ஊரிலேயே வாம்பனோவாக் மக்கள் சிறுபான்மை ஆனார்கள். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போய்வந்த இடங்களில் வேலி விழுந்தது.

1976-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பழங்குடிகளின் நிலத்தை மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் யாரும் வாங்கக் கூடாது என்று 1790-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்த ஒப்புதல் இல்லாமலே எங்கள் நிலம் கைமாறிவிட்டது, சுமார் 16,000 ஏக்கரைத் திருப்பித் தாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

எதிர்த்தரப்பு நிலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நீங்கள் பழங்குடியே இல்லையே!" என்றது. ஆங்கிலம் பேசுகிறீர்கள். தேவாலயத்துக்குப் போகிறீர்கள். கறுப்பினத்தாரோடும் வெள்ளையரோடும் கலந்து மணந்திருக்கிறீர்கள். அதிகாரமுள்ள தலைவர் யார் என்று காட்டுங்கள் பார்க்கலாம் என்றது.

பாஸ்டன் நகரில் 1977 அக்டோபரில் தொடங்கிய விசாரணை சுமார் 40 நாட்கள் நடந்தது. மானுடவியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். பழங்குடி என்பதற்கு நீதிமன்றம் கையில் வைத்திருந்தது 1901-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் இலக்கணம்: ஒரே இனம், ஒரே தலைமையின் கீழ் ஒன்றுபட்ட சமூகம், குறிப்பிட்ட நிலப்பரப்பு. மானுடவியலாளர்களிடம் இப்படி ஒரு வரி இலக்கணம் இல்லை. களத்தில் பல வகை மக்களைப் பார்த்தவர்கள் அவர்கள். வழக்கறிஞருக்கு வேண்டியதோ ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்.

1978 ஜனவரியில் ஜூரிகள் முடிவு சொன்னார்கள். ஆறு ஆண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மாஷ்பீயினர் பழங்குடியாக இருந்தார்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டிருந்தது. 1790-இல் இல்லை. 1834-இல் ஆம். 1842-இல் ஆம். 1869-இல் இல்லை. 1870-இல் இல்லை. 1976-இல் இல்லை. வழக்கு தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

1790-இல் இல்லாத பழங்குடி 1834-இல் எப்படி முளைத்தது? இதற்கு விடை அந்த ஊரின் வரலாற்றில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1763 முதல் மாஷ்பீயினருக்குத் தன்னாட்சி இருந்தது. 1788-இல் மாநில அரசு அதைப் பறித்து, வெளியிலிருந்து மேற்பார்வையாளர்களை நியமித்தது. 1833-இல் வில்லியம் ஏபெஸ் என்ற பழங்குடிப் போதகரின் துணையோடு அவர்கள் எதிர்த்து நின்றார்கள். எங்கள் அனுமதியின்றி எவரும் எங்கள் காட்டில் விறகு வெட்டக் கூடாது என்று அறிவித்து, விறகு ஏற்றிய வண்டிகளை மறித்துச் சுமையை இறக்கினார்கள். ஏபெஸ் சிறை சென்றார். 1834-இல் தன்னாட்சி திரும்பக் கிடைத்தது. 1842-இல் பொது நிலம் தனித்தனிப் பங்காகப் பிரிக்கப்பட்டது. 1869-இல் அந்த நிலத்தை வெளியாருக்கு விற்க இருந்த தடை நீக்கப்பட்டது. ஊரில் பலர் எதிர்த்தும் பயனில்லை.

இப்போது ஜூரிகளின் விடையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு அவர்களின் ஆட்சியை ஒப்புக்கொண்ட காலத்தில் பழங்குடி "இருந்தது". அரசு பறித்த காலத்தில் "இல்லை". தலைமையைப் பறித்தவர்களின் சட்டமே பிறகு வந்து, உங்கள் தலைமை எங்கே என்று கேட்டது!

நார்வே நாட்டு மானுடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969-இல் வெளியிட்ட நூல் ஒன்று இங்கே உதவும். உடை, உணவு, மொழி, சமயம் ஆகியவற்றின் பட்டியலை வைத்து ஒரு சமூகத்தை அளக்காதீர்கள் என்றார் அவர். பட்டியலில் உள்ளவை மாறிக்கொண்டே இருக்கும். ஆட்கள்கூட ஒரு சமூகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். ஆனாலும் 'நாம்' என்றும் 'அவர்கள்' என்றும் பிரிக்கும் எல்லைக்கோடு நிலைக்கிறது. அந்தக் கோட்டை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதே அவர் சொன்ன வழி.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மாஷ்பீ வேறு மாதிரி தெரியும். வெளியிலிருந்து மணமுடித்து வந்தவர்களை அவர்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். வேலை தேடி வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வெளியிலிருந்து வந்த சமயம்கூட அவர்களைக் கலைக்கவில்லை. அந்தத் தேவாலயமே அவர்கள் கூடும் இடமானது. யார் யாருக்கு உறவு, யார் நம்மவர் என்ற கணக்கு அவர்களிடம் விட்டுப்போகவில்லை.

இந்த விசாரணையை நேரில் பார்த்த ஜேம்ஸ் கிளிஃபோர்டு என்ற அறிஞர் 1988-இல் வந்த தம் நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு பண்பாடு ஒன்று அப்படியே பிழைத்திருக்க வேண்டும், இல்லையேல் செத்துப்போயிருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே அவர் கேள்வி கேட்டார்.

பின்கதையும் உண்டு. வாம்பனோவாக் மொழி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசுவார் இன்றிக் கிடந்தது. 1993 முதல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்டு என்ற மாஷ்பீப் பெண்மணி முன்னின்று அதை மீட்கத் தொடங்கினார். அதற்கு உதவியவற்றில் ஒன்று, அவர்களை மதம் மாற்றுவதற்காக 1663-இல் அச்சான பைபிள். முன்னோர் தம் மொழியில் எழுதிவைத்த பத்திரங்களும் கடிதங்களும் துணை நின்றன.

2007-இல் அமெரிக்க அரசு மாஷ்பீ வாம்பனோவாக் மக்களைப் பழங்குடியாக அங்கீகரித்தது. 2015-இல் 321 ஏக்கர் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதற்கும் வழக்கு வந்து, 2021 இறுதியில்தான் மீண்டும் உறுதியானது. கேட்டது 16,000. கிடைத்தது 321.

ஒரு மக்களைப் பார்த்து, "உங்களிடம் பழையது என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்பது எளிது. அதற்கு முன், "உங்களிடமிருந்து எதை, யார், எப்போது எடுத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். அத்தனையும் போன பிறகும் ஒருவரையொருவர் விடாமல் இருந்தார்களே, சமூகம் என்பதற்கு அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

உங்கள் கருத்தையும் எழுதுங்கள், நண்பர்களே.