குதிகாலுக்குள் போன நூல்

கெண்டைத்தசையைக் குதிகாலோடு பிணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தால் இன்று அதை இணைக்கும் நூலின் மூதாதை, ஆட்டுக் குடலிலிருந்து வந்தது. ரோமப் பேரரசுக் காலத்து மருத்துவர் காலன் குடல்நூலைப் பயன்படுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் லிஸ்டர் அதைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிருமி நீக்கினார். ஆனால் குடல்நூல் சில வாரங்களில் உடலுக்குள் கரைந்துவிடும். தசைநாண் ஆறவோ மாதங்கள் வேண்டும்.

1941இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழை பிறந்தது. சட்டைக்கும் சேலைக்கும் போன அந்த இழை அறுவை அரங்குக்கும் வந்தது. அடுத்து வந்தது, நெதர்லாந்தில் உருவான மிக வலுவான பாலிஎத்திலீன் இழை. கப்பல் வடத்திலும் குண்டு துளைக்காத உடையிலும் இருப்பது அதுதான்.

நூல் வலுத்தால் போதுமா? போதாது. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலேதான் தசைநாண் பெரும்பாலும் அறுகிறது. அறுந்த இரு முனைகளும் நைந்த தேங்காய்நார்க் கயிறுபோல் பிரிந்து கிடக்கும். நார்கள் எல்லாம் நெடுக்காக ஓடுவதால், சும்மா குத்தி இழுத்த நூல் அவற்றினூடே வழுக்கி வந்துவிடும். அதனால் நூல் எப்படிப் பிடிக்கிறது என்பதே முக்கியம். அறுவை மருத்துவர்களான பன்னலின் குறுக்கு மறுக்குத் தையலும் கெஸ்லரின் பெட்டித் தையலும் கை அறுவையிலிருந்து வந்தவை. மூட்டு மருத்துவர் கென்னத் கிராக்கோ 1986இல் சகாக்களோடு வேறொரு தையலை வெளியிட்டார். அதில் நூல் தசைநாணின் விளிம்போரம் போய், ஒவ்வோர் எட்டிலும் ஒரு கற்றை நாரைச் சுற்றித் தன்னையே பூட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும்.

1995இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர்களின் தசைநாண்களைத் தைத்து, இயந்திரத்தில் இழுத்துப் பார்த்தார்கள். கெஸ்லர் தையல் சுமார் 85 நியூட்டன் தாங்கியது, பன்னல் 93, பூட்டுத் தையல் 147. அந்த 147 நியூட்டன் என்பது 15 கிலோ எடைதான். ஓடும்போது இந்தத் தசைநாண் உடல் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்குகிறது. ஆக, நம்மை ஓடவைப்பது நூலின் வேலையே அல்ல. அறுவைக்குப் பின் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்திருக்கும் பூட்ஸுக்குள், உடல் தன் நாரைத் தானே நெய்து முடிக்கும்வரை, இரு முனைகளையும் விலகவிடாமல் காப்பதே அதன் கடமை. எத்தனை இழைகள் அறுந்த இடத்தைக் கடக்கின்றன என்பதைப் பொறுத்தும் வலு கூடும். ஆனால் இழை கூடினால் முடிச்சும் பருக்கும். குதிகாலின் பின்புறமோ மெல்லிய தோல். புதிய பாலிஎத்திலீன் நூலோ எளிதில் அறுவதில்லை, தசைநாணைத்தான் அறுத்துக்கொண்டு வருகிறது.

2022இல் வெளியான நார்வே ஆய்வில், ஓராண்டு கழித்துக் காலின் இயக்கம் தைத்துக்கொண்டவர்களுக்கும் தைத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மீண்டும் அறுந்தது தைத்துக்கொள்ளாதவர்களில் 6.2 சதவீதம், தைத்துக்கொண்டவர்களில் 0.6 சதவீதம். நரம்புக் காயம் தைத்துக்கொண்டவர்களிடம் அதிகம். எனவே எல்லோருக்கும் கத்தி தேவை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்வேன். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘டப்’பென்று கேட்டு, நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். கெண்டைத்தசை மேல்முனையை இழுத்துக்கொண்டே போகும். இடைவெளி பெருகிவிட்டால் வெறும் தையலால் இணைப்பது கடினம். அன்றே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.