ஓசூர் ஏரியும் மக்கட்பெருக்கமும்

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைந்தது ஓசூர். தென்பெண்ணையாறு அருகே ஓடினும், இம்மேட்டுநிலத்து ஊர்களைப் பண்டுதொட்டு வாழவைத்தவை மழைநீரைத் தேக்கிய ஏரிகளே. நகருக்குள் உள்ள இராமநாயக்கன் ஏரி அவற்றுள் ஒன்று.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இங்கே கலந்து வாழ்கின்றனர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், வேலை நாடிப் பலரும் குடியேறினர். 2001-இல் ஏறத்தாழ 84,000-ஆக இருந்த நகர மக்கள்தொகை 2011-இல் 1,16,821 ஆயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

மக்கள் பெருகியதுபோல் ஏரியின் பரப்பு விரிவதற்கில்லை. நீர்வரத்துக் கால்வாய்கள் அடைபடுமாயின், மழை பெய்தும் கிணறு ஊறாது. வெள்ளமோ தெருவில் நிற்கும். ஆதலின் மாணவர்களே, ஓர் ஊரின் வரலாற்றை ஆராய்வோர் மக்கட்கணக்கோடு ஏரிக்கணக்கையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.