பட்டம் பெறாதவர் கேட்ட பள்ளி

ஏழைக்கு உதவ இரக்கம் போதாதா, அதற்கும் ஒரு பட்டமா என வினவுவோர் இன்றும் உளர். வினா பழையது. 1897-இல் மேரி ரிச்மண்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, அறப்பணியாளருக்கெனப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென ஒரு மாநாட்டில் வாதாடினார். அவரோ கல்லூரியில் பயிலாதவர். பால்டிமோர் நகர அறக்கொடைச் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்து, ஏழையர் இல்லங்களுக்குச் சென்றே கற்றவர்.

மறு ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு தொடங்கிற்று. இன்று அது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி. ஆயினும் 1915-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், சமூகப்பணி தனித்தொழில் ஆகாது என்றார். 1917-இல் வெளிவந்த ரிச்மண்டின் பெருநூலே அதற்கு விடை என்பேன். உதவி கேட்டு வந்தவரிடமும், குடும்பத்தாரிடமும், மருத்துவரிடமும், ஆசிரியரிடமும் கேட்டறிந்து, கேட்டவற்றை நிறுத்துப் பார்த்தபின்னரே வழி வகுக்க வேண்டும் என அது கற்பித்தது. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அரிசி அளந்து அனுப்புவது எளிது. அவள் நிலையை அறிவதோ (நம்மில் பலருக்கு) பொறுமையைச் சோதிப்பது!

1936-இல், டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியால் பம்பாயில் இந்தியாவின் முதற் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், அமெரிக்க மறைப்பணியாளர். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் மற்றொன்றை நிறுவினார். களப்பணியின்றி இங்கும் பட்டம் இல்லை.