துணி மூட்டைக்குள் வந்த வேதம்

ரயில்வே ஸ்டேஷன் வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், சில சமயம் காலேஜ் கேட்டுக்கு வெளியே... உள்ளங்கை அகலத்தில் ஒரு புதிய ஏற்பாட்டை யாராவது உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். காசு கிடையாது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே மறந்தும் போயிருப்பீர்கள்.

இதே மாதிரி ஒரு சின்னப் புத்தகத்தைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்துக் கப்பலில் கடத்திய காலம் ஒன்று உண்டு. கிறிஸ்தவர்களின் வேதத்தை, கிறிஸ்தவ நாட்டுக்குள், கிறிஸ்தவர்களே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். அதைத் தேடிப் பிடித்து எரித்தவர் ஒரு பிஷப்!

என்ன கூத்து இது என்கிறீர்களா? வாருங்கள், 1500-களின் இங்கிலாந்துக்குப் போய்விட்டு வரலாம்.

அங்கே சர்ச்சில் வேதம் ஒலித்தது லத்தீனில். ஜெரோம் என்கிற துறவி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செய்த மொழிபெயர்ப்பு அது. அவர் காலத்தில் லத்தீன் என்பது கடைத்தெருவில் பேசுகிற பாஷை. ஜனங்களுக்குப் புரியட்டும் என்றுதான் பெயர்த்தார். காலம் மாறியது. புரிவதற்காக வந்த பாஷையே புரியாமல் மறைக்கிற சுவராகிவிட்டது. குடியானவன் கைகட்டி நிற்பான். பாதிரியார் ஓதுவார். அர்த்தம்? அவர் சொன்னால் உண்டு.

ஜெர்மனியில்கூட 1466-லேயே ஜெர்மன் பைபிள் அச்சாகிவிட்டது. இங்கிலாந்தில் மட்டும் கெடுபிடி. 14-ம் நூற்றாண்டில் ஜான் விக்ளிஃபின் ஆட்கள் வேதத்தை இங்கிலீஷில் பெயர்த்துக் கையெழுத்துப் பிரதிகளாகப் பரப்பியதில் மதத் தலைமை மிரண்டுபோயிருந்தது. 1409-ல் ஆர்ச்பிஷப் அருண்டெல் தடை போட்டார். அனுமதியில்லாமல் வேதத்தை யாரும் மொழிபெயர்க்கக் கூடாது, அப்படிப் பெயர்த்ததை வாசிக்கவும் கூடாது. ஆத்திரம் அதோடு தீரவில்லை. 1428-ல் விக்ளிஃபின் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். அவர் செத்து 44 வருஷம் கழித்து!

இந்த ஊரில்தான் வில்லியம் டிண்டேல் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். பல மொழிகளில் புலி. க்ளாஸ்டர்ஷயரில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தபோது, ஒரு மதகுருவோடு வாக்குவாதம் முற்றியது. கடவுளின் சட்டத்தைவிட போப்பின் சட்டம்தான் முக்கியம் என்கிற ரீதியில் அந்த மனிதர் பேசிவிட்டாராம். டிண்டேலுக்குச் சுருக்கென்றது. எனக்கு ஆயுசு இருந்தால், ஏர் ஓட்டுகிற பையனுக்கு உன்னைவிட அதிகமாக வேதம் தெரியும்படி செய்வேன் என்று சவால் விட்டார்.

சவால் விடுவது சுலபம். செய்வது?

1523-ல் லண்டன் போய், படித்தவர், பண்பானவர் என்று பெயரெடுத்த பிஷப் டன்ஸ்டாலிடம் ஆதரவு கேட்டார். என் வீட்டில் இடமில்லை என்று பிஷப் நாசூக்காகக் கழற்றிவிட்டார். கைகொடுத்தவர் ஹம்ஃப்ரி மான்மத் என்கிற துணி வியாபாரி. 1524-ல் டிண்டேல் ஜெர்மனிக்குக் கிளம்பினார். மறுபடி சொந்த நாட்டு மண்ணை மிதிக்கவே இல்லை.

1525-ல் கொலோன் நகரத்து அச்சகத்தில் ரகசியமாக வேலை ஆரம்பித்தது. அங்கே கோக்லேயஸ் என்கிற எதிர் முகாம் ஆசாமி, அச்சகத் தொழிலாளர்களுக்கு ஒயின் வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிட்டார். ரெய்டு வருவதற்குள் டிண்டேல் அச்சான தாள்களை வாரிக்கொண்டு ரைன் நதியில் படகேறித் தப்பினார். 1526-ல் வோர்ம்ஸ் நகரத்தில் புத்தகம் வெளிவந்தது. கிரேக்க மூலத்திலிருந்து நேராக இங்கிலீஷில் பெயர்த்து அச்சான முதல் முழுப் புதிய ஏற்பாடு!

துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து சரக்கு லண்டனுக்கு வந்தது. டன்ஸ்டால் கைப்பற்றிக் கொளுத்தினார். எரித்தது போதாதென்று இன்னொரு யோசனை வந்தது. இது அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் சொல்லும் கதை. 1529-ல் ஆன்ட்வெர்ப் போன டன்ஸ்டால், பாக்கிங்டன் என்ற வியாபாரியிடம், அந்தப் புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் கொடு, என்ன விலையானாலும் தருகிறேன் என்றார். பாக்கிங்டன் நேரே டிண்டேலிடம் போனார். டிண்டேலுக்கு ஒரே சந்தோஷம். கடன் அடையும், வேதத்தை எரித்தார்கள் என்று ஊரே திட்டும், மிச்சப் பணத்தில் திருத்திய பதிப்பும் போடலாம்! ஸ்டாக்கை ஒழிப்பதாக நினைத்து அடுத்த பதிப்புக்கு முதல் போட்ட பிஷப்பை உலக வர்த்தக வரலாற்றில் வேறெங்கும் பார்க்க முடியாது.

சரி, அப்படி என்னதான் இருந்தது அதில்? நாலே நாலு வார்த்தைகளைப் பார்த்தால் போதும்.

கிரேக்கத்தில் ‘எக்ளேசியா’ என்றிருந்ததைச் ‘சர்ச்’ என்று எழுதாமல், கூடிவந்த ஜனங்கள் என்ற அர்த்தத்தில் எழுதினார். குருமாரைக் குறிக்கும் என்று நம்பப்பட்ட சொல்லை, வயதில் மூத்தவர் என்றார். பாதிரியார் சொல்கிற பிராயச்சித்தத்தைச் செய் என்று லத்தீனில் தொனித்த இடத்தில், மனம் திருந்து என்று போட்டார். தர்மகாரியத்தை நினைவூட்டிய ‘சாரிட்டி’யை எடுத்துவிட்டு ‘லவ்’ என்றார்.

தமிழ் பைபிளைப் புரட்டியவர்களுக்கு இது பளிச்சென்று புரியும். சபை, மூப்பர், மனந்திரும்புதல், அன்பு. சாதுவான வார்த்தைகள்தானே? ஆனால் அன்றைக்கு இவை வெடிகுண்டுகள். சர்ச் என்பது ஜனங்கள்தான் என்றால் பிஷப் மாளிகை எதற்கு? மனம் திருந்தினாலே போதும் என்றால் பாவமன்னிப்புச் சீட்டை யார் வாங்குவார்கள்?

எதிர்த்தவர்கள் எல்லாம் மூடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் நின்றவர் தாமஸ் மோர். மகா மேதை. அவருடைய வாதம் வலுவானது. இயேசு எந்தப் புத்தகத்தையும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. சீடர்கள் வாயால் சொன்னார்கள், எழுத்து பிறகு வந்தது. பல நூல்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது இதுதான் வேதம் என்று பொறுக்கியெடுத்ததும் சபைதான். இன்றைய 27 நூல்களின் பட்டியல் அப்படியே நமக்குக் கிடைப்பது கி.பி. 367-ல் அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனேசியஸ் எழுதிய கடிதத்தில்தான். அடையாளம் காட்டிய சபையை விட்டுவிட்டு ஆளாளுக்கு அர்த்தம் சொல்லக் கிளம்பினால், தலைக்கு ஒரு மதம் முளைக்காதா?

டிண்டேல் தரப்பு வேறு. கடவுளின் வார்த்தையைக் கேட்டுத்தானே ஜனங்கள் சபையாகக் கூடினார்கள்? அப்படியானால் மூத்தது எது? தவிர, சபை தப்பு செய்தால் எதை வைத்துத் தட்டிக் கேட்பது? கம்பெனியை நடத்துகிறவரே ஆடிட்டராகவும் இருந்துகொண்டு, பேரேட்டை யாரும் பார்க்கக் கூடாது என்றால் பங்குதாரர் சும்மா இருப்பாரா?

இரண்டு பேருமே வேதத்தை உயிராக நினைத்தவர்கள். அதன் சாவி யார் கையில் என்பதுதான் சண்டை. இருவருமே அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். சர்ச்சுக்குத் தலைவர் அரசர்தான் என்பதை ஏற்க மறுத்த மோரின் தலையை 1535-ல் எட்டாம் ஹென்றி வெட்டினார். அதே வருஷம், நண்பனாக நடித்த ஹென்றி ஃபிலிப்ஸ் என்பவன் ஆன்ட்வெர்ப்பில் டிண்டேலைக் காட்டிக்கொடுத்தான்.

பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வில்வோர்டே கோட்டைச் சிறை. குளிரில் நடுங்கியபடி டிண்டேல் அதிகாரிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கதகதப்பான தொப்பி, கோட்டு, ராத்திரிக்கு ஒரு விளக்கு கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிள், இலக்கணம், அகராதி வேண்டுமென்று கெஞ்சுகிறார். பழைய ஏற்பாட்டில் இன்னும் வேலை பாக்கி இருந்தது!

1536 அக்டோபரில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். இங்கிலாந்து அரசரின் கண்களைத் திறக்கும்படி வேண்டிக்கொண்டே செத்தார் என்கிறார் ஜான் ஃபாக்ஸ்.

கண் திறந்தது. போப்போடு முறித்துக்கொண்ட ஹென்றி, சர்ச்சுக்குச் சர்ச் இங்கிலீஷ் பைபிள் வைக்க உத்தரவு போட்டார். 1539-ல் அதற்காகவே ‘கிரேட் பைபிள்’ வந்தது. உள்ளே பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு. முகப்பில் அவர் பெயர் கிடையாது. 1541-ம் ஆண்டுப் பதிப்பின் முகப்பில், சரிபார்த்தவர் என்று ஒரு பிஷப்பின் பெயர் இருந்தது. யார்? அதே டன்ஸ்டால்!

1611-ல் வந்த புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் பைபிளிலும் டிண்டேல்தான். 1998-ல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அதன் புதிய ஏற்பாட்டில் 80 சதவிகிதத்துக்கு மேல் அவருடைய வார்த்தைகள். ஆனால் 1526-ன் அந்தச் சின்னப் புத்தகத்தில் இன்று எஞ்சியிருப்பது மூன்றே பிரதிகள்.

கதை சுபமாக முடிந்ததா? இல்லை. படிக்கக் கொடுத்த ஹென்றிக்கே பயம் வந்துவிட்டது. டீக்கடையில் அரசியல் பேசுகிற மாதிரி ஜனங்கள் சாராயக்கடையில் வேதம் பேச ஆரம்பித்துவிட்டார்களே! 1543-ல் புதுச் சட்டம். கைவினைஞர், வேலைக்காரர், உழவர், கூலிக்காரர், சாதாரணக் குடும்பத்துப் பெண்கள், யாரும் இங்கிலீஷ் பைபிளைப் படிக்கக் கூடாது.

மூன்று வருஷம் கழித்து, 1546-ல், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஆடு மேய்ப்பவர் 14 பென்ஸ் கொடுத்து வேறொரு புத்தகம் வாங்கினார். அதன் வெற்றிடத்தில் தப்பும் தவறுமான எழுத்துக்கூட்டலில் குறிப்பு எழுதி வைத்தார். ஆடு மேய்ப்பவன் வேதம் படிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள், அதனால் இதை வாங்கினேன், இந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எந்தக் குன்றின் மேல் ஆடு மேய்த்தபடி எழுதினேன் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்.

செய்ன்ட்பரி குன்று. அது இருப்பது, ஏர் ஓட்டுகிற பையனுக்காக டிண்டேல் சவால் விட்ட அதே க்ளாஸ்டர்ஷயரில்.