மஞ்சள் விளக்கின் பூர்வீகம்

வண்டி கிளம்பிய பிறகும் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. மெக்கானிக் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். “ஈ.சி.எம். போயிடுச்சு சார். புதுசுதான் போடணும்.” விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது. நம்புவதா, வேண்டாமா? முடிவு செய்வதற்கு முன்னால் அந்த விளக்கின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது.

இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்று கணக்குப் போடும் பெட்டிதான் ஈ.சி.எம். அதன் கொள்ளுத் தாத்தா அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி உருவாக்கிய ‘எலெக்ட்ரோஜெக்டர்’. 1958 மாடல் கிறைஸ்லர் கம்பெனி கார்கள் சிலவற்றில் பொருத்தினார்கள். மொத்தமே சுமார் 35 கார்கள். இன்ஜின் சூட்டை அந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுப் பழையபடி கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். காப்புரிமை ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்குப் போனது. அவர்கள் பிள்ளையைத் தேற்றி, 1967-ல் வோக்ஸ்வாகன் 1600 காரில் ஓட வைத்தார்கள்.

ஆனால் பெட்டி இன்னும் ஊமைதான். அதற்கு வாய் கொடுத்தது புகை!

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தைப் புகை மூடியது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு. உலகப் போர் நேரம் வேறு. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடப் பயந்தார்கள். அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர், 1950-களின் தொடக்கத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். காரும் எண்ணெய் ஆலையும் விடும் புகை வெயில் பட்டு நஞ்சாக மாறுகிறது என்றார். 1970-ல் சுத்தமான காற்றுக்காகக் கடுமையான சட்டம் வந்தது. புகையைக் குறைக்க வேண்டுமானால் பெட்ரோலைத் துல்லியமாக அளக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1981 மாடல்களில் பரவலாக அதை வைத்தது. கூடவே எச்சரிக்கை விளக்கு. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த கனெக்டரில் இரண்டு துளைகளைப் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12-ம் நம்பர். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. தெருமுனை மெக்கானிக் பாவம், எத்தனை பாஷைதான் கற்பார்? 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 பின் கனெக்டர், பொதுவான கோடுகள் என்று சட்டம் போட்டார்கள். ஓ.பி.டி.-2 என்ற அந்த ஏற்பாடு நம் நாட்டுக் கார்களுக்கு 2013 ஏப்ரலில் கட்டாயமானது.

ஆக, உங்கள் கார் தன் புகாரைத் தானே சொல்கிறது. சொல்வது புகார்தான், தீர்ப்பு அல்ல. பி0300 என்று வந்தால் இன்ஜின் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பிளக், காயில், இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். பி0601 வந்தால் மெமரி, பி0606 வந்தால் பிராசசர். இவைதான் பெட்டி தன்னையே காட்டிக் கொடுக்கும் வாக்குமூலம்.

சாவியைத் திருப்பியும் விளக்கே எரியவில்லை, ஸ்கேனருக்குப் பெட்டி பதில் பேசவில்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம். சாப்பாடு போகாவிட்டால் பெட்டி செத்த மாதிரிதான் கிடக்கும். இன்னொன்று, பல சென்சார்களுக்குப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் பொதுவாகப் போகிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் திருடன் மாட்டுவான். கனெக்டரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தாலும் இதே கூத்துதான்.

அதனால் மெக்கானிக்கிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். “எந்தக் கோடு வந்துது? ஃபியூஸும் எர்த்தும் செக் பண்ணீங்களா?” பதில் தயங்கி வந்தால் பர்ஸை மூடிக் கொள்ளலாம். பெட்டி கெடவே கெடாது என்று சொல்லவில்லை. கடைசியாகச் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான். 1958-ல் கொள்ளுத் தாத்தா செய்த தப்புக்குக் கொள்ளுப் பேரனைத் தூக்கில் போட வேண்டாம்.