"ஜிஞ்சர்!" - புதுக்கோட்டைக்கு ஆங்கிலச் சொற்கள் வந்த கதை



போன மாதம் வல்லத்திராக்கோட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் ஆறாம் வகுப்பு, தமிழ்வழி. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாலே அவளுக்கு முகம் வாடிவிடும். ஆனால் அன்று அடுப்படியில் சித்தி மல்லித்தூள் கேட்டதும், டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து "கொரியாண்டர் பவுடர்!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்! அடுத்து "டர்மரிக் பவுடர்!", "சால்ட்!", "ஜிஞ்சர்!". யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "தாத்தா சேனல்" என்றாள்.

அவள் சொன்னது வில்லேஜ் குக்கிங் சேனல். நம்ம புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள். பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதை உங்களில் பார்க்காதவர்கள் குறைவு. ஒவ்வொரு பொருளையும் கேமரா முன்னால் தூக்கிக் காட்டி, அதன் ஆங்கிலப் பெயரை உரக்கச் சொல்வது அவர்கள் வழக்கம்.

அன்று இரவு எனக்கு ஒரு யோசனை. நம்ம ஊருக்கு ஆங்கிலச் சொற்கள் எந்த வழியாகத்தான் வந்தன?

முதல் வழி: அரண்மனை

1948 வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். இங்கே ஆங்கிலப் படிப்பு என்றால் மன்னர் கல்லூரிதான். 1887-இல் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி அங்கே படித்தவர். பின்னாளில் டெல்லி மத்திய சட்டசபையில் ஆங்கிலப் பேச்சாலேயே பெயர் வாங்கினார். ஆனால் அந்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? வயலில் நின்றவருக்கு ஆங்கிலம் வந்தது கோர்ட்டு, சம்மன், நோட்டீஸ், ஸ்டாம்பு என்றுதான். எல்லாமே பயமுறுத்துகிற சொற்கள்! ஆங்கிலம் என்றால் நமக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வழி: வானொலி

1959-இல் அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒரு ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில், நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசிப்பார்கள். ஒரு மொழியில் நுழைய அகராதி முழுக்கத் தேவையில்லை, அடிக்கடி வரும் சொற்கள் போதும் என்பதே இதன் அடிப்படை. நல்ல யோசனைதான். ஆனால் சொல் காதில் விழும், பொருள் கண்ணில் படாது.

நடுவில் ஒரு பாடம்: அறிவொளி

இது ஆங்கிலம் இல்லை, தமிழ். ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தையே ஒரு கலக்கு கலக்கியது. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிளும் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகம் அறிந்தது. பெரியவர்களுக்கு அவர்கள் புழங்கும் வாழ்க்கையிலிருந்தே பாடம் எடுத்தால்தான் மனதில் நிற்கும் என்பதை நம் மாவட்டம் அப்போதே செய்து காட்டிவிட்டது.

மூன்றாம் வழி: கைப்பேசி

2005-இல் யூடியூப் வந்தது. அதன் முதல் வீடியோ, ஒருவர் மிருகக்காட்சி சாலையில் யானை முன் நின்று பேசும் 19 விநாடிகள்தான். 2009-இல் பேச்சைக் கேட்டுத் தானாகவே எழுத்தாக்கிக் காட்டும் வசதி வந்தது. 2016-இல் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. 2018-இல் வில்லேஜ் குக்கிங் சேனல் தொடங்கியது. 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அந்த மகிழ்ச்சியில் முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

ஆக, அரண்மனையிலிருந்தும் கோர்ட்டிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஆங்கிலச் சொல் முதல் தடவையாக நம்ம ஊர் வயலிலிருந்து, நம்ம ஊர் குரலில் வந்தது. பொருள் கையில் இருக்கிறது, பெயர் காதில் விழுகிறது. சித்தி மகளுக்கு எப்படி மறக்கும்?

நான் செய்து பார்த்தது

நானும் தமிழ்வழிதான். கல்லூரியில் முதல் ஆறு மாதம் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாடம் தெரியும், சொல்லத் தெரியாது. என்னோடு சேர்ந்த ஒருவன் இதனாலேயே படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அவனை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையே.

அப்போது எனக்கு உதவியது இப்படிப்பட்ட சேனல்காரர்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த வீடியோக்கள். கதை ஏற்கெனவே தெரியும். தாத்தா யார், பேரன்கள் யார், எந்த ஊர், எல்லாம் தெரியும். அதனால் தெரியாத சொல் வந்தாலும் அர்த்தம் தானாகப் பிடிபடும். எழுத்தை ஓடவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்து சொல் நோட்டில் எழுதினேன். பிறகு அகராதியில் அவற்றின் பூர்வீகம் தேடினேன். அதுதான் சுவாரஸ்யம்! 'சப்ஸ்கிரைப்' என்றால் லத்தீனில் கீழே எழுதுவது. ஒரு தாளின் அடியில் கையெழுத்துப் போடுவது, பிறகு சந்தா கட்டுவது, இப்போது பட்டனை அமுக்குவது. 'சேனல்' என்பதற்கு மூலம் வாய்க்கால், குழாய். கண்மாய்ப் பாசன ஊர்க்காரனுக்கு இதைவிட எளிதாக யார் விளக்க முடியும்? 'வைரல்' வந்தது வைரஸிலிருந்து. லத்தீனில் அதற்கு விஷம் என்று பொருள்!

ஆனால் ஒன்று...

சொற்கள் மட்டும் தெரிந்தால் மொழி வந்துவிடாது. "டர்மரிக் பவுடர்" என்று கத்தத் தெரிந்தவளுக்கு, "எனக்கு மஞ்சள்தூள் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் அவர்களிடமே ஒரு வாக்கியம் இருக்கிறது: "ஆல்வேஸ் வெல்கம்ஸ் யூ". வெல்கம் இல்லை, வெல்கம்ஸ். ஏன் அந்த 'ஸ்'? வரவேற்பது ஒரே ஒரு சேனல், அதனால். சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். உடனே, "அப்போ அம்மா குக்ஸ், நாங்க எல்லாரும் ஈட்" என்றாள். வருஷம் முழுக்க ஏறாத இலக்கணம் அரை நிமிஷத்தில் ஏறியது.

கடைசியாக ஒரு சேதி

'ஜிஞ்சர்' என்று நாம் கடன் வாங்கிக் கத்துகிறோமே, அது நம்ம வீட்டுச் சரக்கு. இஞ்சி என்ற திராவிடச் சொல்தான் பாலி, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று சுற்றி ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனது என்கிறார்கள் மொழியறிஞர்கள். 'கறி' போய் 'கரி' ஆனது போல. இன்னொன்றும் உண்டு. 2021 ஜனவரியில் அதே சேனலுக்கு வந்த ராகுல் காந்தி, தயிர்ப்பச்சடி கலக்கிக்கொண்டே "வெங்காயம்", "தயிர்", "கல் உப்பு" என்று தமிழில் சொல்லிக்காட்டினார். உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது. யாரும் அவரை மட்டமாக நினைக்கவில்லை, ரசித்தார்கள்.

அவர் தமிழில் தடுமாறினால் நமக்கு அழகாக இருக்கிறது. நாம் ஆங்கிலத்தில் தடுமாறினால் மட்டும் ஏன் கூனிக் குறுகிப் போகிறோம்? ஊருக்குப் போன என் நண்பனிடம் அப்போது இதைக் கேட்கத் தோன்றவில்லை. இந்த வாரம் போன் செய்து கேட்கப்போகிறேன்.